டிரம்முக்கு இருந்த இடம்

இந்தக் காலத்தில் எவன் தும்மினாலும் ஃப்ளெக்ஸ் வைத்துவிடுகிறார்கள். காது குத்தினால் ஃப்ளெக்ஸ், பத்தாவது பாஸானால் ஃப்ளெக்ஸ், செத்துப்போனால் கண்ணீர் அஞ்சலி என்று ஒரு ஃப்ளெக்ஸ். அதிலும் செத்தவன் படத்தைவிட வைத்தவன் படம்தான் பெரிதாக இருக்கும். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைனின் முனையில் தண்ணீர் டேங்கருக்காகக் குடத்தோடு உட்கார்ந்திருந்த ஹரோல்ட், தலைக்கு மேலே காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் துப்பினார். அதில் இருந்தது அவருடைய மகன்தான்.

தலை மட்டும்தான் மகனுடையது. கழுத்துக்குக் கீழே எவனோ ஒரு பைலட்டின் உடம்பு. பின்னால் ஒரு ஹெலிகாப்டர், அதற்கும் பின்னால் பனிமலை. "விண்ணைத் தொட்ட எங்கள் லைன் வீரனே, வருக" என்று எழுதி, கீழே ஆஸ்டின் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். வார்டு தேர்தல் எப்போது வந்தாலும் நிற்பதற்குத் தயாராக இருக்கிறவன் அவன்.

"கைல டிரம்மு குச்சியக் காணோமே, ஹரோல்ட்டு," என்றார் நாகேஷ். சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிவிட்ட மனுஷன். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கித்தான் பேசுவார்.

"டிரம்மு அடிக்கிறவன்னு போட்டா எவன் நின்னு பாப்பான்? அதான் பைலட்டு ஆக்கிட்டான்."

"உன் மூக்கு, உன் காது. நல்லாத்தான் கீறான்."

"தலைய வெட்டி ஒட்டிக்கீறான். நல்லா இல்லாம இன்னா?"

டேங்கர் வந்தது. வந்ததுதான் தாமதம், எங்கிருந்தோ ஸ்கூட்டரில் கேன்களோடு இளவட்டங்கள் வந்து குழாயை மறித்துக்கொண்டார்கள். விடியலிலிருந்து உட்கார்ந்திருந்த கிழங்களின் குடங்கள் காலில் இடறி உருண்டன.

"டேய், கண்ணு தெரியலியா? நாகேஷுக்கு நெஞ்சு அடைக்குது. அவருக்கு மொதல்ல புடிச்சு உடு."

"பெங்களூரு டிரெயினுக்கு டைம் ஆச்சு, அங்கிள். உங்களுக்கு இன்னா, வூட்லதானே கீறீங்க."

ஹரோல்ட் மேற்கொண்டு கத்தினார், யாரும் காதில் வாங்கவில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில், பூமிக்கடியில் ஒரு லெவலில், கேஜ் என்கிற இரும்புக்கூண்டு லிஃப்டில் ஆளை ஏற்றி இறக்கி மணி அடிக்கிற வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து மேலே போக நூறு பேர் முண்டியடித்தாலும், அடிபட்டவனோ புகையில் மூச்சு முட்டினவனோ வந்துவிட்டால் கேஜ் காலியாக வேண்டும். ஏறி நின்றவன் இறங்கியே தீரவேண்டும். அதற்குச் சட்டப் புத்தகம் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் இறங்குவார்கள், அவ்வளவுதான். ஒருநாள் மேலதிகாரி ஒருவர் மட்டும் இறங்காமல் நின்றார். எனக்கு மீட்டிங் இருக்கிறது, அடிபட்டவனையும் உள்ளேயே ஓரமாகப் படுக்க வை என்றார். ஹரோல்ட் மணிக் கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மணி அடிக்காமல் கேஜ் நகராது. அந்த ஆள் கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் மகன் கிளமெண்ட் வளர்ந்தான். சாப்பிட அடம்பிடித்தால்கூட அவன் அம்மா இதைத்தான் சொல்வாள்.

கோயில் பேண்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்தவனை ராணுவ பேண்டில் எடுத்துக்கொண்டபோது சுரங்கம் மூடி வருஷங்கள் ஆகியிருந்தன. லைனில் பாதிப் பேர் விடியற்காலை டிரெயினில் பெங்களூருக்குப் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார்கள். கிளமெண்டுக்கு அரசாங்கச் சம்பளம், கல்யாணம், இரண்டு பெண் பிள்ளைகள். பதவி உயர்ந்து இன்னும் ஒரு பட்டி தோளில் ஏறிவிட்டால் சர்வீஸ் நீளும், பிள்ளைகள் படிப்பு முடியும். ஏறாவிட்டால் சீக்கிரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து அவனும் அதே டிரெயினைப் பிடிக்க வேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்டில் ஒருநாள் போன் செய்து, "டாடி, நாளைக்கு ஹெலிகாப்டர்ல போறேன்," என்றான். மலை உச்சியில் இருக்கிற ஒரு முகாமுக்கு ஏதோ பெரிய ஆள் வருகிறாராம், அவருக்கு வாசிக்க பேண்டைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம். இத்தனை வருஷ சர்வீஸில் முதல் தடவை. ஹரோல்ட், "பாட்டு வாசிக்க ஹெலிகாப்டரா?" என்று கேட்டதோடு சரி. மருமகள் டீனா லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவன் போனில் ஹெலிகாப்டர் பேச்சையே எடுக்கவில்லை.

டேங்கரில் சண்டை நடந்த அன்று சாயந்திரம் டிரெயினில் லீவுக்கு வந்தான். ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து டிரங்குப் பெட்டியோடு நடந்து வந்தவன் லைன் முனையில் ஃப்ளெக்ஸைப் பார்த்து நின்றுவிட்டான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் பேச்சு அதுதான்.

"அத்த எடுத்துடச் சொல்லுங்க, டாடி."

"ஆஸ்டின் வச்சது. ஞாயித்துக்கெழம ஹாலுல உனக்கு சால்வை போடப்போறானாம். ரிட்டையர் ஆன பெரிய ஆபீசர் ஒருத்தரக் கூட்டியாரான்."

கிளமெண்ட் ஷூவைக் கழற்றினான். ஒரு காலைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் டீக்கடையில் டக்ளஸ் ஹரோல்ட்டைப் பிடித்துக்கொண்டான். அவனும் பழைய பட்டாளத்துக்காரன், ஸ்டோரில் மூட்டை எண்ணியே காலம் தள்ளியவன். அவன் மருமகன் இப்போது கிளமெண்ட் இருக்கிற முகாமில்தான் இருக்கிறான்.

"இன்னாபா ஹரோல்ட்டு, விண்ணத் தொட்டவன் எறங்கிட்டானாமே."

"இன்னா எறங்கிட்டான்?"

"உனக்குத் தெரியாதா? ஹெலிகாப்டர்ல குந்த வச்சிட்டு றெக்கைய சுத்துறாங்க, உன் புள்ள பயந்துபோய் டிரம்மத் தூக்கிக்கினு கீழ குதிச்சிட்டானாம். கேம்பு பூரா இதான் பேச்சு. என் மருமவன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் டீ கிளாஸை டிரம் மாதிரி வயிற்றில் வைத்துக்கொண்டு நடுங்கிக் காட்டினான். ஹரோல்ட் தன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் கிளமெண்ட் கூரை மேல் இருந்தான். மழைக்கு முன்னால் தகரத்தின் ஓட்டைகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். எந்தத் தகரம் தாங்கும், எது தாங்காது என்று பார்த்து, கட்டை இருக்கிற இடத்தில் மட்டும் காலை வைத்துச் சாவதானமாக நடந்தான். ஹரோல்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

"டேய், உனக்கு ஒசரம்னா பயமா?"

மேலே தார் பூசுகிற சத்தம் நின்றது.

"யாரு சொன்னா?"

"டக்ளசு. பயந்து குதிச்சிட்டியாமே. நெசமா?"

"ஆமா, டாடி. தல சுத்துச்சு, பயந்துட்டேன்."

"கூர மேல நின்னுக்கினு சொல்றான் பாரு. எறங்கு கீழ."

இறங்கி வந்து பின்வாசல் கல்லில் உட்கார்ந்தான். தார் ஒட்டிய விரல்களை மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். துணி துவைத்துக்கொண்டிருந்த டீனா கையை நிறுத்திவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று ஹரோல்ட்டுக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது.

போகும்போது பயமே இல்லையாம். சத்தம்தான் காதைப் பிளந்ததாம். டிரம்மைக் கம்பளியில் சுற்றி முழங்காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். மேலே ஏற ஏற, யாரும் அடிக்காமலேயே டிரம்மின் தோல் தானாக அதிர்ந்ததாம். "நெஞ்சுக்குள்ள யாரோ வாசிக்கிற மாரி இருந்துச்சு, டாடி. கீழ ஆறு நூலு மாரி தெரிஞ்சுது. உங்கள ஒரு தடவ கூட்டிக்கினு போகணும்னு நெனச்சேன்."

மேலே பெரிய ஆள் வந்தார், வாசித்தார்கள், அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேண்டை மறுபடி கீழே இறக்க வேண்டும். சின்ன ஹெலிகாப்டர், மூன்று மூன்று பேராக இறக்கினார்கள். கடைசி நடைக்குக் கிளமெண்டும் டிரம்மும் இன்னும் இரண்டு பேரும். இறங்குகிற தளத்தின் ஓரத்தில், தகரக் கொட்டகையில் ஒருவன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தான். மலையில் ரோடு போடுகிற கூலியாள், ஜார்க்கண்ட் பக்கத்துப் பையன். மேலே காற்று பத்தாமல் நெஞ்சில் நீர் கோத்து, நாள்கணக்கில் அங்கேயே கிடந்தானாம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் இருவர் ஒவ்வொரு நடைக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு வருவதும், ஏற்றுகிற பொறுப்பிலிருந்த ஆபீசர் நாளைக்கு என்று கையைக் காட்டுவதும், திரும்பத் தூக்கிக்கொண்டு போவதுமாக இருந்தார்கள். இது பேண்டுக்கு வந்த ஹெலிகாப்டர், நோயாளிக்கு வேறு உத்தரவு வேண்டுமாம். மறுநாள் கீழே அதே பெரிய ஆளுக்கு விருந்து. அங்கே பேண்டு வாசித்தாக வேண்டும்.

"மேகம் எறங்கிக்கினு இருந்துச்சு. அந்த நட போச்சுன்னா அடுத்தது எப்போன்னு யாருக்கும் தெரியாது. எங்களுக்கு சண்டைல ஸ்ட்ரெச்சர் தூக்குறதும் வேலதான், டாடி. பேண்டுக்காரன்னா அதுக்கும் டிரெயினிங்கு குடுத்திருக்காங்க. அவன் மூச்சப் பாத்தாலே தெரிஞ்சுது. டிரம்மோட எறங்கினேன். அந்த ரெண்டு பேரும் நானும் அவன எடுத்து உள்ள வச்சோம். ஆபீசர் கத்தினாரு, றெக்க சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பைலட்டு என்னப் பாத்தாரு, மேகத்தப் பாத்தாரு. தூக்கிட்டாரு."

"அப்புறம்?"

"மேகம் மூடிக்கிச்சு. நாலஞ்சு நாளு மேலயே மாட்டிக்கினேன். கீழ பெரிய டிரம்மு இல்லாம வாசிச்சிருக்காங்க. பெரிய ஆளு, தாளமே இல்லியேன்னு கேட்டுட்டாராம்."

உத்தரவை மீறியதற்காக அவன் பெயரில் சிவப்பு மையில் குறிப்பு எழுதப் போவதாகச் சொன்னார்கள். எழுதிவிட்டால் பட்டியும் கிடையாது, சர்வீஸ் நீளவும் நீளாது. ஆனால் விசாரித்தால், நோயாளி ஏன் அத்தனை நாள் கொட்டகையில் கிடந்தான் என்பதும் வெளியே வரும். பேண்டு சுபேதார்தான் இவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தலை சுற்றியது, பயந்துவிட்டேன் என்று சொல். பயந்தவனை மருத்துவரிடம் அனுப்புவார்கள், தண்டிக்க மாட்டார்கள். காலியான இடத்தில் ஆபீசர் நோயாளியை ஏற்றினார் என்று ஆகிவிடும். எல்லோருக்கும் நல்லது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அந்தப் பையன் பொழச்சானா?"

"பொழச்சான். ஆஸ்பத்திரில ஆபீசர் அவன் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கினாரு. பாராட்டு குடுத்தாங்க."

"யாருக்கு?"

"ஆபீசருக்கு."

ஹரோல்ட் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"நீங்க சொன்ன கேஜுதான், டாடி, அப்போ ஞாபகம் வந்துச்சு," என்றான் கிளமெண்ட்.

"எறங்குன்னுதான்டா சொன்னேன். பயந்துட்டேன்னு சொல்லச் சொன்னேனா?"

டீனா ஈரக்கையோடு வந்து அவர் முன்னால் நின்றாள். "மாமா, இத்த எங்கயும் பேசிடாதீங்க. ஆபீசர் காதுக்குப் போச்சுன்னா திரும்பவும் தோண்டுவாங்க. ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"ஊரே சிரிக்குதும்மா."

"சிரிச்சிட்டுப் போவட்டும். சிரிச்சா வேல போயிடுமா?"

அவர் பேசமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டம் ஹாலுக்கு வந்தது. ஃப்ளெக்ஸை அங்கேயும் ஒன்று கட்டியிருந்தார்கள். வாசிப்பதற்குக் கோயில் பேண்டு வந்திருந்தது. நாற்காலி போதவில்லை. முன்வரிசையின் ஓரத்து நாற்காலியில், தரையில் வைத்தால் ஈரம் ஏறிவிடும் என்று பெரிய டிரம்மை உட்கார வைத்திருந்தார்கள். நாகேஷ் பின்னால் சுவரில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கிளமெண்டுக்காக நடந்து வந்திருந்தார்.

பெரிய ஆபீசர் நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். கிளமெண்டுக்குச் சால்வை போட்டார், தோளில் தட்டினார். அப்புறம் மைக்கைப் பிடித்தார்.

"ராணுவம் என்றால் துப்பாக்கி மட்டும் இல்லை, கருணையும்தான். போன ஆகஸ்டில் ஒரு மலை முகாமில் நடந்தது, எனக்கு நண்பர்கள் சொன்னார்கள். ஒரு பேண்டுக்காரன் ஹெலிகாப்டரைக் கண்டு பயந்து இறங்கிவிட்டான். பாவம், கலைஞன் மனசு மெல்லியது." ஹாலில் சிரிப்பு எழுந்தது. "ஆனால் அங்கே இருந்த நம் ஆபீசர் ஒரு நொடி யோசிக்கவில்லை. அந்த இடத்தில் ஓர் ஏழைத் தொழிலாளியை ஏற்றி உயிரைக் காப்பாற்றினார். பயந்தவனின் இடத்தைக்கூட வீணாக்காதவன்தான் தலைவன். ஆனால் நம் கிளமெண்டைப் பாருங்கள், பயப்படாமல் பறந்த வீரன்."

கைதட்டினார்கள். டக்ளஸ் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு குலுங்கினான். மேடையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த கிளமெண்டும் சிரித்தான். எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று அவனும் சிரித்தான். ஹரோல்ட் அதைப் பார்த்தார்.

அவர் எழுந்துவிட்டார்.

"சார், ஒரு கேள்வி."

டீனா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள்.

"கேளுங்க, பெரியவரே."

"அந்தக் கூலியாளு அங்க நாள்கணக்குல கெடந்தான்ல. அதுக்கு முன்னாடி எத்தினியோ நட ஆளு எறங்கிக்கீது, சாமான் எறங்கிக்கீது. அவனுக்கு முன்னாடி டிரம்மு எப்டி ஏறுச்சு?"

ஆபீசர் கிளமெண்டைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. சிரித்த முகத்தோடு சொன்னார்: "நல்ல கேள்வி. மேலே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு, பெரியவரே. எது எப்போது ஏறும் என்பதற்கு உத்தரவு உண்டு. அவரவர் இஷ்டத்துக்கு ஏறி இறங்கினால் அது ராணுவம் இல்லை, சந்தை."

"டிரம்மு கனத்துக்குக் கணக்கு கீது. ஆளு மூச்சுக்குக் கணக்கு இல்லியா?"

"டாடி," என்றான் கிளமெண்ட் மேடையிலிருந்து. குரல் உயரவில்லை. "உக்காருங்க, டாடி."

இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி இருந்தது. அது ஹரோல்ட்டின் நாக்கு நுனியில் நின்றது. டீனாவின் கை சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தது. மேடைக்குக் கீழே பேத்திகள் இருவரும் ஒரே மாதிரி ரிப்பன் கட்டிக்கொண்டு தாத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்த வாக்கியத்தை விழுங்கினார்.

பிறகு உட்காரவும் இல்லை. முன்வரிசைக்குப் போனார். ஓரத்து நாற்காலியிலிருந்த டிரம்மை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார்.

"நாகேஷு, வா. வந்து குந்து."

"பரவாயில்ல, ஹரோல்ட்டு…"

"வான்றேன்ல."

நாகேஷ் மூச்சிரைக்க வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஹரோல்ட் யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார். படியில் ஆஸ்டின் ஓடிவந்து மறித்தான்.

"இன்னா அங்கிள், சும்னே இருந்திருக்கலாம்ல. பயந்து குதிச்ச கதைய டக்ளஸ் அங்கிள் அப்பவே சொன்னாரு, எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணேன், உங்க பேரக் காப்பாத்த. நீங்க கேட்ட கேள்வியிலயே மீதியும் புரிஞ்சுச்சு. கிளமெண்ட் அண்ணன் பொழைக்கத் தெரிஞ்சவரு. ஒரு வார்த்த, பயந்துட்டேன்னு சொன்னாரு, வேல தப்பிச்சுது. அந்தக் கூலிக்காரனும் பொழச்சான். யாருக்கு இன்னா நஷ்டம், சொல்லுங்க?"

ஹரோல்ட் யோசித்துப் பார்த்தார். அவன் சொல்வதில் எங்கே ஓட்டை என்று சட்டென்று பிடிபடவில்லை. ஆனால் ஓட்டை இருந்தது.

"வழிய உடு."

"போதாதா அங்கிள்?"

"போதாது."

உள்ளே பேண்டு ஆரம்பித்திருந்தது. பெரிய டிரம் இரண்டு தடவை அதிர்ந்து, பாட்டு முடிந்து, கைதட்டல் கேட்டது. ஜன்னல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகையில் அவர் ஒருமுறை உள்ளே பார்த்தார். ஆபீசர் மறுபடி மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். டிரம் திரும்பவும் முன்வரிசை நாற்காலியில் இருந்தது, ஈரம் படாமல். நாகேஷ் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்ததால், மற்ற கையால் தொடையில் தட்டித் தட்டி அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஹரோல்ட் லைனை நோக்கி நடந்தார். முனையில் மகனின் தலை எவனோ ஒருவனின் உடம்பின்மேல் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. "போதாது," என்று இன்னொரு தடவை சொல்லிக்கொண்டு, அதன் அடியில் நடந்து போனார்.